ஆன்லைனில் வாங்கி மாற்றிய பேட்டரி உப்பி, போனின் பின்மூடி தூக்கிக்கொண்டது: உதவி தேவை

கேள்வி (சோமனூர்)

வணக்கமுங்க. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்து ஓட்டி வருகிறேன். பாவு நூல் வரவு, மீட்டர் கணக்கு, கூலிப் பட்டுவாடா எல்லாம் என் ஒரே போனில்தான் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அந்தப் போனில் மதியம்வரைகூடச் சார்ஜ் நிற்காததால், ஓர் ஆன்லைன் தளத்தில் ‘ஒரிஜினல்’ என்று போட்டிருந்த பேட்டரியை வாங்கிப் பக்கத்துக் கடையில் மாற்றினேன். பழைய பேட்டரி 4000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு). அதே நீள அகலத்தில் இருந்த புதியதன் மேல் 6000 என்று அச்சிட்டிருந்தது. சில மாதங்களிலேயே பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. கேபிள் முனையும் முழுதாக உள்ளே போய் உட்காராமல், ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது.

விற்பனையாளரைக் கேட்டால், போனில் பொருத்திவிட்ட பொருளுக்குத் தாம் பொறுப்பில்லை என்கிறார். தளத்தில் கேட்டால், திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இந்தப் போனைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? கோளாறு பேட்டரியிலா, சார்ஜர் பகுதியிலா? கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (காந்திபுரம், கோவை, செல்போன் சர்வீஸ் கடை)

வணக்கம் அண்ணா. முதல் வேலையாகப் போனை அணைத்துவிடுங்கள். இனி ஒரு நிமிடம்கூட அதைச் சார்ஜில் போட வேண்டாம். தூக்கிய மூடியை அழுத்தி மூடுவதோ, ரப்பர் வளையம் போட்டு இறுக்குவதோ கூடாது. பஞ்சும் நூலும் கிடக்கும் தறிக்கொட்டகையில் அதை வைக்காமல், வீட்டில் துணி, காகிதம் எதுவும் அருகில் இல்லாத வெறும் தரையில், வெயில் படாத இடத்தில் வைத்து, கூடிய விரைவில் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கணக்குகள் அழிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அவை பேட்டரியில் இல்லை. பேட்டரியை மாற்றினாலும் அப்படியே இருக்கும்.

காரணத்தைச் சொல்கிறேன். லித்தியம் அயன் பேட்டரிக்குள் இரண்டு முனைத் தகடுகளும், அவற்றுக்கிடையே மெல்லிய தடுப்புத் தாளும், எளிதில் தீப்பற்றக்கூடிய திரவமும் இருக்கின்றன. தரம் குறைந்த பேட்டரியிலும், அதிகச் சூட்டில் இருக்கும் பேட்டரியிலும், அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும் பேட்டரியிலும் அந்தத் திரவம் சிதைந்து வாயுவாக மாறும். வெளியேற வழியில்லாத வாயு உறையைப் பூரிபோல் உப்பச் செய்து, பின்மூடியையோ டிஸ்பிளேயையோ உள்ளிருந்து தள்ளும். அந்த நிலையில் ஓர் அழுத்தமோ கீறலோ தடுப்புத் தாளைக் கிழித்தால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். கடையில் இத்தகைய போனைத் திறக்கும்போது நாங்கள் இரும்புக் கத்தியைத் தொடுவதே இல்லை. ஒட்டுப் பசையை மெதுவாக இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கிளப்புவோம். திறந்ததும் இனிப்பான, பெயின்ட் தின்னரைப் போன்ற வாடை வந்தால் உறை கசிகிறது என்று பொருள். யாராவது ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றித் தருகிறேன் என்றால், அங்கிருந்து போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

6000 எம்ஏஎச் என்ற அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே நீள அகலமும் தடிமனும் உள்ள இடத்தில் ஒன்றரை மடங்கு மின்சாரம் அடங்காது. இப்படி எண்ணைக் கூட்டி அச்சிட்ட பேட்டரிகளைச் சோதித்தால் பழைய பேட்டரி அளவுக்குக்கூடத் தாங்காதவைதான் அதிகம் வருகின்றன. நம் நாட்டில் விற்கப்படும் செல்போன் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம், பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த எண் என்று தெரிந்துவிடும்.

கேபிள் உட்காராதது பெரும்பாலும் தனிக் கோளாறு. தறிக்காரர்களின் போன்களில் பஞ்சுத் தூசி சார்ஜிங் துளையின் அடியில் சேர்ந்து, முனை குத்தக் குத்த அட்டைபோல் கெட்டிப்பட்டுவிடும். சப் போர்டு (சார்ஜிங் துளை பொருத்தியுள்ள சிறு பலகை) போய்விட்டது என்று மாற்றக் கொடுக்கும் போன்களில் பல, அந்தப் பஞ்சை எடுத்ததுமே சரியாகிவிடுகின்றன. போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரப் பல்குச்சியால் ஓரமாகக் கிளறி எடுக்கலாம். குண்டூசியும் வாயால் ஊதுவதும் வேண்டாம், உள்ளே உள்ள முனைகள் வளையும், ஈரம் சேரும். உங்கள் போனில் இப்போது நீங்களே கைவைக்காமல், பேட்டரியைக் கழற்றியபின் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

மறுமொழி 2 (ஈரோடு, நுகர்வோர் குறைகளில் உதவி வருபவர்)

பொருத்திவிட்டதால் பொறுப்பில்லை என்பதும், காலம் முடிந்தது என்பதும் சட்டப்படி நிற்காத பதில்கள். பழுதான, போலியான அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. புகாரைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதிலும், ஒரு மாதத்தில் தீர்வும் அவர் தந்தாக வேண்டும். அதற்கு முன் ‘ஒரிஜினல்’ என்று போட்ட பக்கத்தையும் பில்லையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விற்பனைப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடுவார்கள். கழற்றிய பேட்டரியை ஓர் அளவுகோல் அருகில் வைத்து, மேலே அச்சிட்ட எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படியும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

திருப்பி அனுப்பச் சொன்னால், பேட்டரி உப்பியிருப்பதை எழுத்தில் தெரிவிக்காமல் கூரியரில் போட வேண்டாம். சேதமடைந்த லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றத் தடை இருப்பதால், எப்படிப் பெற்றுக்கொள்வது என்பதை அவர்களே சொல்லட்டும்.

அங்கே தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அடுத்த படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்குபவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதால், விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தறிக் கணக்கு இருப்பதைக் காட்டி இது வணிக உபயோகம் என்று அவர்கள் வாதிட்டால், சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டம் சொல்வதை எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கடையில் திறந்து பார்த்தபோது பேட்டரி நடுவில் நன்றாகப் புடைத்திருந்தது. அதன் மேல் எந்தப் பதிவு எண்ணும் இல்லை. துளையிலிருந்து வெளுத்த பஞ்சு உருண்டையாக வந்தது, கேபிள் இப்போது சரியாக உட்காருகிறது. படங்களுடன் புகார் அனுப்பிவிட்டேன். இதற்கு நல்ல பேட்டரி கிடைக்காவிட்டால் ஆன்லைனிலேயே புதுப்பித்த போன் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 3 (திருப்பூர்)

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி விலையைக் கேட்டுவிடுங்கள். போன் மற்றபடி நன்றாக ஓடினால் அதுவே சிக்கனம். வாங்கத்தான் வேண்டும் என்றால், தளத்தின் பெயரைவிட விற்பனையாளரின் பெயர், முகவரி, உத்தரவாதத்தைத் தருவது யார் என்பவற்றைப் படியுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டில் தொடங்கிப் போன் ஒளிரும்வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பிறகு *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்)ப் பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒப்பிட்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். தடை செய்யப்பட்டது என்றோ, போலி எண் என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றோ வந்தால் அன்றே திருப்பிவிடுங்கள்.

இன்னொன்று, பணத்தைத் திருப்புகிறோம் என்று யாராவது அழைத்து ஓடிபி கேட்டாலோ, ஒரு செயலியை இறக்கச் சொன்னாலோ உடனே துண்டித்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மறுமொழி 1 தந்தவர்

கழற்றிய பேட்டரியைப் புகார் முடியும்வரை கடையில் மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்திருக்கச் சொல்லுங்கள் அண்ணா. முடிந்தபின் குப்பையில் போடாமல் மின்கழிவு பெறும் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். பல நிறுவனங்கள் போனை 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. நம் பக்கத்துக் கோடையில் தகரக் கொட்டகை அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே புதிய பேட்டரி போட்டபின் சார்ஜை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.