சுவரிலிருந்து எடுத்த அத்தி: துளிர்த்த இலைகள் தொங்கிப்போகின்றன

கேள்வி (புதுத்தொட்டி):
இடிக்கவிருந்த சுவர் ஒன்றின் விரிசலில் வளர்ந்திருந்த அத்தியை, உரிமையாளரிடம் கேட்டு எடுத்து வந்தேன். அடிமரம் மணிக்கட்டைவிடப் பருமன். போன்சாய் ஆக்க ஆசை. ஆணிவேரை அறுக்காமல் எடுக்க வழியில்லை. சல்லிவேர்கள் கொஞ்சம்தான் மிஞ்சின. உச்சியை முழங்கை உயரத்தில் வெட்டி, ஆழமான தொட்டியில் தோட்டத்து மண்ணில் நட்டேன். வெட்டுவாயைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்கள் வந்தன. இலை விரிந்ததும் அவை தொங்கிவிட்டன. சில மஞ்சளாகி உதிர்கின்றன. வெட்டுவாயின் ஒரு பக்கம் கறுத்திருக்கிறது. தினமும் இருவேளை தண்ணீர் ஊற்றுகிறேன். உரம் வைக்கலாமா? போன்சாய் தட்டுக்கு இப்போதே மாற்றலாமா?

சல்லிவேர்:
உரமும் வேண்டாம், தட்டும் வேண்டாம். முதலில் மரத்தைக் கேளுங்கள். அடியிலிருந்து மேலாக நாலைந்து இடங்களில் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்து பால் கசிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் போய்விட்டது. பால் தோலில் அரிக்கும். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

ஆலடியான்:
துளிர் வந்தாலே வேர் பிடித்துவிட்டது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அடிமரத்தில் சேர்த்து வைத்த உணவைக் கொண்டே அத்தி முதல் துளிரை விட்டுவிடும். ஆணிவேர் போன மரம், போத்து (வேரில்லாத கிளைத்துண்டு) நட்ட மாதிரிதான். இலை விரிந்ததும் நீர் ஆவியாகத் தொடங்குகிறது. ஈடுகொடுக்க வேர் இல்லை, இலை தொங்குகிறது. அதைப் பார்த்து நீங்கள் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். களிமண்ணாக இருந்தால் காற்று புகாமல் மிச்ச வேரும் அழுகும். குச்சி ஒன்றை அடிவரை குத்தி எடுத்து முகர்ந்து பாருங்கள்.

நிழல்வலை:
மண்ணை மாற்றுகிறேன் என்று மரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள்! புது வேர் நூல் மாதிரி இருக்கும், அசைத்தாலே அறுந்துவிடும். நிழலில் வைத்து, பாலிதீன் உறையால் மூடினால் போதும். உறையோடு வெயிலில் வைத்தால் வெந்துவிடும்.

புதுத்தொட்டி:
சொன்னபடி பார்த்தேன். அடியில் தாராளமாகப் பால் வருகிறது. கறுப்பு இரண்டு விரல் அகலம்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் குச்சி சேறாக வந்தது, சாக்கடை வாடை. அடித்துளை மண்ணால் அடைத்திருக்கிறது.

ஆலடியான்:
அப்படியென்றால் நிழல்வலை சொல்வது இங்கே பொருந்தாது. நல்ல மண்ணில் நிற்கும் மரத்தைத்தான் தொடக்கூடாது. நாறும் மண்ணில் விட்டுவைத்தால் வேரே மிஞ்சாது. மெதுவாக எடுத்து, சேற்றைத் தண்ணீரில் அலசுங்கள். கொழகொழவென்று தோல் உரியும் வேரை வெள்ளையாகக் கெட்டியான பகுதி வரை நறுக்குங்கள். சலித்துத் தூளை நீக்கிய செங்கல் குருணையும் பருமணலும் கலந்து, அதே ஆழமான தொட்டியில் நடுங்கள். அடிமரம் ஆடாதபடி தொட்டியோடு கம்பியால் கட்டுவது முக்கியம். பிறகு உறை, நிழல். மேற்பரப்பு காயத் தொடங்கினால் மட்டும் தண்ணீர்.

நிழல்வலை:
வாடை வருகிறதென்றால் ஒப்புக்கொள்கிறேன். கறுத்த பகுதியை மட்டும் இப்போது வெட்ட வேண்டாம். அத்தி கீழே உள்ள அடுத்த மொட்டு வரை தானாகக் காய்ந்து நிற்கும். எல்லை தெரிந்த பிறகு சாய்வாக வெட்டி, வெட்டுக்காயத்தை மூடும் பசை பூசலாம்.

புதுத்தொட்டி:
நன்றி. கொத்தாக வந்த துளிர்களில் பிழைப்பவற்றை எல்லாம் விட்டுவிடலாமா?

சல்லிவேர்:
வேர் பிடிக்கும்வரை எல்லாம் இருக்கட்டும், இலைதான் வேரை வளர்க்கும். இரண்டாவது முறை துளிர்த்து, இலை விறைப்பாக நின்றால் வேர் ஓடிவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் குறைத்துவிடுங்கள், ஒரே இடத்திலிருந்து பல கிளைகள் தடித்தால் அங்கே அடிமரம் புடைத்து, மேலே பருத்துக் கீழே சிறுத்த அசிங்கம் வரும். நேராக மேலேறும் ஒன்றைத் தலைமைக் கிளையாக வைத்து, கவாத்து செய்யாமல் ஓடவிடுங்கள். அது தடித்தால்தான் வெட்டுவாய் மூடும். கிளையை வளைக்கக் கம்பி சுற்றினால் அடிக்கடி பாருங்கள். அத்திக் கிளை வேகமாகப் பருக்கும், கம்பி பட்டையில் பதிந்தால் தழும்பு நெடுநாள் மறையாது.

இன்னொன்று: இலையைக் கிள்ளிக் கிள்ளிச் சிறிதாக்கலாம், காய் சிறுக்காது. அதனால் மரத்தைச் சற்றுப் பெரிய அளவிலேயே திட்டமிடுங்கள்.

நிழல்வலை:
உறையை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். முதலில் ஓரத்தில் ஓட்டை போட்டு, ஓட்டையைத் தினமும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். இலை தொங்கினால் மறுபடி மூடிவிடுங்கள்.