எல்.கே.ஜி.யில் மண்ணும் பாட்டும் போதுமா? சேலம் பெற்றோர் சொல்லுங்கள்

மூக்கனேரிக்கரை அம்மா:

வணக்கம். கன்னங்குறிச்சியில் வசிக்கிறோம். மகளுக்கு ஆவணியில் நான்கு வயது முடிகிறது. ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

முதல் பள்ளியில் எல்.கே.ஜி.யிலேயே ஆங்கில எழுத்து 26, தமிழ் உயிரெழுத்து 12, எண்கள் 50 வரை எழுத வைத்துவிடுவார்களாம். நான்கு கோடு நோட்டு, இரண்டு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு என்று பட்டியலே கொடுத்தார்கள். ஏற்காடு சாலைப் பக்கம் உள்ள இரண்டாவது பள்ளியில் முதல் ஆண்டு முழுக்கப் பென்சிலே கிடையாது என்கிறார்கள். தோட்டம், களிமண், வண்ணம், பாட்டு, கதை, அவ்வளவுதான். பிள்ளைகளின் முகத்தில் அவ்வளவு தெளிச்சி! எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் என் மாமியார், "மண்ணில் விளையாட நம் வாசல் போதாதா, இதற்கு எதற்குப் பணம்?" என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. பின்னால் முதல் வகுப்பில் இவள் மட்டும் எழுதத் தெரியாமல் விழித்தால் என்ன செய்வது?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை அப்பா:

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. என் மகனை "செயல்வழிக் கல்வி" என்று பலகை மாட்டிய பள்ளியில் சேர்த்தோம். வாரம்தோறும் ஏதாவது ஒரு மாதிரி செய்துகொண்டு வரச் சொல்வார்கள். தெர்மகோல் வாங்கி வெட்டுவது நான், ஒட்டுவது என் மனைவி, வண்ணம் தீட்டுவது அவன் அக்கா. அவன் செய்ததெல்லாம் மறுநாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போனது மட்டும்தான். பசுமை தினம் என்றால் பச்சைச் சட்டை போட்டுப் படம் எடுப்பார்கள்; வகுப்பறைக்குள் ஒரு செடிகூட இருக்காது. இப்படிப்பட்ட பள்ளியைவிட நோட்டுப் பள்ளி மேல், குறைந்தபட்சம் அங்கே பிள்ளையே எழுதும்.

அடிவாரத்து ஆசிரியை:

சகோதரி, ஏற்காடு அடிவாரத்தில் மழலையர் வகுப்பு நடத்துகிறேன். பல ஆண்டுகளாக என் பகல்பொழுது மூன்று, நான்கு வயதுக் கைகளுக்கு நடுவிலேயே கழிகிறது. அதனால் கைகளைப் பற்றியே முதலில் சொல்கிறேன்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும், எட்டாவது எலும்பு உருவாகத் தொடங்குவதற்கே எட்டு, ஒன்பது வயதாகிவிடும். உங்கள் மகளின் வயதில் பாதி வேலைகூட முடிந்திருக்காது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு பக்கம் முழுக்க "அ" எழுதச் சொன்னால், குழந்தை பென்சிலைக் கைமுட்டிக்குள் அழுத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதும். அந்தப் பிடியைப் பின்னால் மாற்றுவது எவ்வளவு பாடு என்பதை முதல் வகுப்பு ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் வகுப்பில் மார்கழி, தை மாதங்களில் கூடை கூடையாக மொச்சைக்காய் வரும். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து உரிப்பார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தினால்தான் தோல் பிரியும். பென்சில் பிடிக்கத் தேவையானதும் அதே இரண்டு விரல்களின் பலம்தான். ஈரத்துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, களிமண்ணைத் திரித்துப் பாம்பு செய்வது எல்லாம் அதற்காகவே. நம் "அ"வில் ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு நேர்க்கோடு. அதை மணலில் முழுக்கையையும் வீசி வரைந்த பிள்ளைக்குத் தாளில் சிறிதாக எழுதுவது ஒரு பாரமே இல்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பார்க்க வைத்ததும் இதற்குத்தான். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். இந்த முறை நம் ஊருக்கு நேற்று வந்ததல்ல.

தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஃபுரோபல் 1837இல் சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தார். வெறும் அலங்காரப் பெயரல்ல. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாத்தி என்று உண்மையிலேயே தோட்டம் போட வைத்தார். தன் பாத்தியில் தண்ணீர் ஊற்ற மறந்தால் தன் செடிதான் வாடும். பொதுப் பாத்தியில் மறந்தால் எல்லாருக்கும் நஷ்டம். இதை எந்தப் பாடத்தில் வைத்து எழுத வைப்பீர்கள்?

எங்களிடம் உள்ள கறிவேப்பிலைச் செடியில் மழைக்காலத்தில் பட்டாம்பூச்சி முட்டையிடும். புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தெரியும்; தோலுரித்து வளர்ந்ததும் இலைப்பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். அதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மூச்சு விடாமல் பேசுவார்கள். பேச்சு வளர்ந்தால்தான் படிப்பு வளரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன வேலை?

பாட்டு இன்னும் முக்கியம், பலர் இதைப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. "கல்" என்றால் ஒரு தட்டு, "கால்" என்றால் கையைத் தட்டி அப்படியே இழுப்பது. "படம், பாடம்", "மலை, மாலை" என்று தாளம் போட்டுப் பாடிய பிள்ளை, துணைக்கால் எதற்கு வருகிறது என்பதை எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே காதால் தெரிந்துகொண்டுவிடும். மூன்றாம் வகுப்பிலும் குறில் நெடில் தடுமாறும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் கைதட்டிப் பாடும் நேரம் கிடைக்காமல் போனதுதான் குறை.

அம்மாபேட்டை அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உண்மையான பள்ளியைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். முப்பது தாளிலும் ஒரே மாதிரி மயில், ஒரே இடத்தில் ஒரே நீலம் என்றால் அது ஆசிரியையின் கைவேலை. நாங்கள் சில்வர் ஓக் இலையை வைத்து அச்சு எடுப்போம்; மேலே பச்சை, அடியில் வெள்ளி நிறம் உள்ள அந்த இலை ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் எங்கும் கிடக்கும். ஒரே இலைதான், ஆனால் ஒருவர் தாள் போல இன்னொருவர் தாள் இருக்காது. கோணலாக இருக்கும், சாயம் வழிந்திருக்கும். "இது இலை இல்லை மிஸ், மீன் முள்" என்பான் ஒருவன். அப்படிப்பட்ட சுவர் உள்ள பள்ளியை நம்பிச் சேர்க்கலாம்.

முதல் வகுப்புப் பயத்துக்கு ஒரு வார்த்தை: அந்தப் பள்ளியில் யு.கே.ஜி.யில் எழுத்து எப்போது, எப்படித் தொடங்குகிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வர வேண்டும். "தானாக வந்துவிடும்" என்றால் யோசியுங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையே மூன்று முதல் எட்டு வயது வரையான காலத்தை விளையாட்டு வழியாகக் கற்கும் ஒரே கட்டமாகத்தான் வைத்திருக்கிறது. நீங்கள் ஒன்றும் விபரீதமாகச் செய்யவில்லை.

மூக்கனேரிக்கரை அம்மா:

மிக்க நன்றி அக்கா. மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். மொச்சைக்காய் விஷயத்தில் தலையாட்டினார். சனிக்கிழமை மீண்டும் போய்ப் பார்க்கப்போகிறோம். வீட்டில் என்ன செய்யலாம்? நாங்கள் இருப்பது மாடி வீடு. இவள் கண்டதை எல்லாம் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்கிற ஆள் என்பதால் விதை, மணி கொடுக்கப் பயமாகவும் இருக்கிறது.

தறிவீட்டுத் தாத்தா:

கண்ணு, உன் மாமியாரிடமே பிள்ளையை விடு. காலையில் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார வைத்து அவளுக்கும் ஒரு பிடி மாவு கொடுக்கச் சொல். நாலு புள்ளி வைத்துச் சுற்றி வளைத்தால் போதும். எங்கள் வீட்டில் தறி ஓடும் சத்தத்துக்கு ஏற்றபடி பேத்தி கைதட்டுவாள், நான் வேகத்தைக் குறைத்தால் அவளும் குறைப்பாள். மிஞ்சிய பாவு நூலைச் சாயம் வாரியாகப் பிரித்து வைப்பதும் அவள்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடிவாரத்து ஆசிரியை:

தாத்தா சொன்னதைவிட நல்ல பாடத்திட்டம் என்னிடம் இல்லை.

மூக்கில் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குச் சின்ன விதையே வேண்டாம். அவள் உள்ளங்கையில் மூடினாலும் வெளியே தெரிகிற அளவுள்ள பொருளாகக் கொடுங்கள்: கொட்டாங்குச்சி, வாழைப்பூ மடல், நீளமான மயில்கொன்றை நெற்று. அந்த நெற்று உடையாமல் இருக்கும்வரை நல்ல கிலுகிலுப்பை. குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று எடுத்து வைக்காதீர்கள், கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. அரளியும் ஊமத்தையும் கைக்கெட்டும் இடத்தில் கூடாது. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது.

மாடியில் ஒரு பழைய தட்டில் வெந்தயம் விதையுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை தெரியும், அந்த வயதின் பொறுமைக்கு அது போதும். சமையலறையிலேயே வண்ணமும் இருக்கிறது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சிவந்துவிடும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு ஆறவைத்தால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. பிழிவதை அவளே பிழியட்டும். பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள், சிந்தும்.

சனிக்கிழமை போகும்போது இன்னொன்றும் பாருங்கள். பிள்ளைகள் கைகழுவும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது? பெரியவர் தூக்கிவிட்டால்தான் கை எட்டும் என்றால், அங்கே தினமும் மண் தொடுகிறார்கள் என்பதை நான் நம்பமாட்டேன்.