வாய்தா மூன்று தடவைதான் என்கிறது சட்டம். எங்களுக்கு 61 ஆகிவிட்டது

கொள்ளிடத்துக்காரி எழுதியது:

அம்மா பெயரில் 38 சென்ட் நிலம். பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டு ஒரு பகுதியைத் தன் வயலோடு சேர்த்து உழுதுகொண்டார். பிராது கொடுத்து ஒன்பது வருடம் ஆகிறது.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவைச் சாட்சி சொல்ல அழைத்துப் போனேன். காலை ஆறரை பஸ். பத்து மணிக்கெல்லாம் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்துவிட்டோம். டவாலி எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டபோது பதினொன்றரை. எதிர்த்தரப்பு வக்கீலின் ஜூனியர் எழுந்து, சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்றார். ஆறு வாரம் தள்ளித் தேதி கொடுத்துவிட்டார்கள். நாங்கள் உள்ளே நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. வெளியே வந்ததும் அம்மா மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி மடித்து உள்ளே வைத்தார்.

எங்கள் வக்கீலின் குமாஸ்தா டைரிகளைப் புரட்டி எண்ணிச் சொன்னார்: இதுவரை 61 வாய்தா. எதிர்த்தரப்பு கேட்டு வாங்கியவை மட்டும் 27.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17, விதி 1 என்ன சொல்கிறது? விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா கொடுக்கக் கூடாது. இது நடைமுறைக்கு வந்தது 2002-இல். அதே சட்டத்தில் 35-பி பிரிவும் இருக்கிறது. இழுத்தடிக்கிறவர் மறுதரப்பின் அன்றைய செலவைக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். கொடுக்காவிட்டால் அவர் வழக்கை மேலே நடத்த முடியாது. எங்கள் வழக்கில் ஒரு தடவைகூட இப்படி உத்தரவானது இல்லை. மூன்று என்றால் மூன்றாகவே இருக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

தாலுகா வக்கீல் எழுதியது:

சகோதரி, உங்கள் அம்மா பட்ட அலைச்சல் புரிகிறது. 22 வருடமாக முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் நிற்கிறவன் நான். ஆனாலும் உங்கள் தீர்வை ஏற்க மாட்டேன்.

2002-இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து வழக்குப் போட்டதே நம் சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். 2005-இல் உச்ச நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்றது. கூடவே, தரப்பினரின் கைமீறிய காரணம் இருந்தால் மூன்று என்ற எண் ஒரேயடியாகக் கதவை அடைத்துவிடாது என்றும் சொன்னது. அந்த இடைவெளி வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவர், கணவரை இழந்தவர், கூலி வேலைக்குத் திருப்பூர் போயிருந்தார். பூட்டிய வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர் ஊர் திரும்பியபோது, அவர் வராததால் ஒருதலையாகச் சொல்லும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே ஆகிவிட்டது. அதை ரத்து செய்ய மனுப் போட்டு, வழக்கை உயிர்ப்பித்து, சாட்சி கொண்டுவர எனக்கு ஏழு வாய்தா தேவைப்பட்டது. உங்கள் விதி இருந்திருந்தால் அவருக்கு வீடு போயிருக்கும்.

இன்னொன்று. 61-இல் 27 எதிர்த்தரப்பு கேட்டது என்கிறீர்கள். மீதி 34 யார் கேட்டது? அதையும் குமாஸ்தாவிடம் எண்ணச் சொல்லுங்கள்.

கொள்ளிடத்துக்காரி எழுதியது:

எண்ணச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. வணிக நீதிமன்றச் சட்டம் 2015-இல் வந்தது. அங்கே எதிர்வாதி 120 நாளுக்குள் எதிருரை, அதாவது எழுத்து மூலமான பதில், தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். அதில் தளர்வு கிடையாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எங்களைப் போன்றவர்களின் வழக்கிலோ 30 நாள், மிஞ்சினால் 90 நாள் என்று எழுதி வைத்துவிட்டு, அது கட்டாயமில்லை என்று தளர்த்திவிட்டார்கள். எங்கள் எதிர்வாதி எதிருரை போட ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டார். கம்பெனிகளின் வழக்கில் அசையாத கெடு 38 சென்ட் நிலத்துக்கு மட்டும் ஏன் அசைகிறது?

தாலுகா வக்கீல் எழுதியது:

கம்பெனிக்கு வழக்குகளைக் கவனிக்கவே தனி அலுவலகம் இருக்கிறது. சம்மன் வந்த அன்றே வக்கீல் கையில் சேர்ந்துவிடும். கதவில் ஒட்டிய காகிதத்துக்கும் அதே கெடுவை வைத்தால் அடிபடுவது யார்? ஒன்றரை வருடம் அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். அதைத் தடுக்க நீதிபதி கையில் அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த அவர் நாற்காலியில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் போன வருடம் ஏழு மாதம் அந்த நாற்காலி காலி.

பழைய சிரஸ்தார் எழுதியது:

நீதிமன்ற ஊழியனாக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் ஐயா சொல்வதை நான் மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நீதிபதி மாற்றலானாலோ ஓய்வு பெற்றாலோ பக்கத்து நீதிமன்றத்து நீதிபதியிடம் பொறுப்பு வரும். இன்சார்ஜ் என்போம். அவருக்குத் தன் கட்டுகளே தலைக்கு மேல். அவசரத் தடையுத்தரவு மனுவைப் பார்ப்பார். சாட்சி விசாரணைக்குக் கைவைக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைய பட்டியலில் 80 வழக்கு இருந்தால் 80-க்கும் தேதி போடுவது நான்தான். கட்டைப் பிரித்து, குறிப்புத்தாளில் தேதி எழுதி, மறுபடி நாடாவால் கட்டி அடுக்குவேன். வெளியே கூண்டேற வந்த கிழவர்கள் காத்திருப்பார்கள்.

நீதிபதி இருக்கும் நாளிலும் நிலைமை பெரிதாக மாறாது. காலையில் எண் கூப்பிட்டுத் தேதி சொல்வதிலேயே ஒரு மணி நேரம் போகும். அடுத்து இடைக்கால மனுக்கள். சாட்சிக் கூண்டுக்கு மிஞ்சுவது மூன்று மணி நேரம், நன்றாக நடந்தால் இரண்டு சாட்சி. ஆனால் எட்டு சாட்சியை வரச் சொல்லியிருப்போம்! ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை ஏற்றலாம் என்ற கணக்கு. மீதி ஆறு பேரின் ஒரு நாள் கூலியை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நானும் சேர்க்கவில்லை. அது இன்றும் என் மனதை அறுக்கிறது.

கோடையில் பொது மாறுதல் வரும். பழைய நீதிபதி பதிந்த சாட்சியத்தைப் புதியவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வாதத்தைப் புதிதாகத்தான் கேட்க வேண்டும். வாதம் முடிந்து தீர்ப்புக்காகக் காத்திருந்த வழக்கு மீண்டும் வாதத்துக்கே போனதைப் பலமுறை பார்த்தேன்.

10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் சொன்னது 1987-இல். ஐந்து வருடத்தில் அதை எட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2002-இல். இன்றும் நாட்டளவில் ஒப்புதல் பெற்ற பணியிடங்களே ஏறத்தாழ 21-தான். அரசியல் சட்டத்தின் 235-ஆவது பிரிவுப்படி கீழமை நீதிமன்றங்களின் கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடம். பணமும் புதுப் பணியிடமும் கட்டடமும் மாநில அரசிடம். சிவில் நீதிபதித் தேர்வு நடத்துவது தேர்வாணையம். காலியிடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொரு கதவிலும் அடுத்த கதவைக் காட்டுவார்கள்.

பொருநை எழுதியது:

நீங்கள் மூவரும் தீர்ப்பு வரும் வழியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் அப்பாவுக்கு 2011-இல் இடம் அவருக்கே என்று டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, கிடைத்தது. இடம் இன்னும் கைக்கு வரவில்லை. அந்தத் தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனுப் போட்டோம். இடத்தை மீட்டுத் தர நீதிமன்ற அமீனா வந்த அன்று எதிராளியின் மைத்துனர் வாசலில் நின்று, இது என் பங்கு என்றார். அவர் பெயரில் ஒரு தடை மனு. அது தள்ளுபடியாக நான்கு வருடம். அதற்கு மேல்முறையீடு வேறு.

நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. 2025 மார்ச்சில் மறுபடியும் சொன்னது. அந்த இரண்டாவது தீர்ப்பே தமிழ்நாட்டிலிருந்து போன, 1986-இல் தொடுத்த வழக்கில்தான்.

பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்: மக்கள் நீதிமன்றத்துக்குப் போங்கள். அங்கே ஏற்படும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் நிம்மதி உண்டு.

கொள்ளிடத்துக்காரி எழுதியது:

பொருநை ஐயா, உங்கள் அப்பாவுக்கு இடம் சீக்கிரம் கைக்கு வர வேண்டும். ஆனால் விட்டுக்கொடுப்பது எப்போதும் யார்? எதிர்த்தரப்புக்கு அவசரமே இல்லை, ஒவ்வொரு போகமும் அவர்தான் அறுக்கிறார். எங்களையும் சமரசத்துக்கு அழைத்தார்கள். எடுத்ததில் பாதியைத் தருகிறேன் என்றார். பத்திரப்படி முழுவதும் அம்மாவுடையது. வழக்கு நேராக நடக்கும் என்ற பயம் அவருக்கு இருந்தால்தானே சமரசம் சமமாக இருக்கும்?

வக்கீல் சார் கேட்ட கணக்கு வந்துவிட்டது. மீதி 34-இல் நீதிபதி இல்லாத நாட்கள் 19. வக்கீல்கள் புறக்கணிப்பு 6. இடத்தைப் பார்க்க நீதிமன்றம் நியமித்த கமிஷனரின் அறிக்கையும் சர்வேயர் வரைபடமும் வராததால் 4. எங்கள் வக்கீலே கேட்டது 5.

அந்த ஐந்து எனக்குத் தெரியாது. மூன்று என்ற விதியில் நாங்களும் மாட்டியிருப்போம். நாற்காலி காலியாக இருந்த 19 நாளுக்கு எந்த அபராதமும் மருந்தில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் 27 பெரிய எண், அதை நான் விடப்போவதில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதிரே யார் கேட்டார், என்ன காரணம் என்று இணையத்தில் பதியட்டும். இப்போது அடுத்த தேதி எங்களுக்குத் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. கூடுதல் அவகாசம் தேவைப்பட்டால் உங்கள் திருப்பூர் அம்மாவைப் போலக் காரணத்தை எழுதிக் கேட்கட்டும். சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமே அல்ல.

தாலுகா வக்கீல் எழுதியது:

காரணத்தைப் பதிவதில் எனக்கு மறுப்பில்லை. புறக்கணிப்பு ஆறு நாளுக்கும் சமாதானம் சொல்ல மாட்டேன். வேலைநிறுத்த உரிமை எங்களுக்கு இல்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கத் தீர்மானத்துக்கு எதிராக உள்ளே போகிறவனை மறுநாள் தனிமைப்படுத்துகிறார்கள் என்ற பயத்தில் நானும் வெளியே நின்றிருக்கிறேன். தவறுதான். ஆனால் சீனியர் விஷயத்தில் இன்னும் மாறுபடுகிறேன். ஒரே காலையில் இரண்டு நீதிமன்றங்களில் என் வழக்கைப் போட்டால் நான் எங்கே நிற்பது? சாட்சிக்கு நேரம் குறித்துக் கொடுங்கள், பிறகு என் மேல் அபராதம் போடுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு வயது என்ன? முதன்மை விசாரணை, அதாவது சாட்சி தன் தரப்புக்குச் சொல்வது, வாக்குமூலப் பத்திரமாகவே தாக்கலாகிறது. எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையைப் பதிய, நீதிபதிக்குப் பதிலாக ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமிக்கக் கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. நீதிபதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பழைய சிரஸ்தார் எழுதியது:

கேளுங்கள் அம்மா. கமிஷனர் கட்டணம் மனுப் போட்டவர் தலையில் விழலாம், அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிடத்துக்காரி எழுதியது:

71 வயது. அம்மாவிடம் சொன்னேன். "ஒன்பது வருடம் அலைந்தது ஜட்ஜ் முன்னால் நின்று சொல்லத்தான்" என்கிறார். அடுத்த தேதி 14. ஆறரை பஸ்ஸுக்கே போகிறோம்.