நவம்பர் இறுதியில் இரண்டு நாய்களுடன் வேல்ஸ் கடற்கரை: போகலாமா?

பர்மிங்ஹாம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் கடைசி வாரத்தில் எனக்கும் என் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. எங்கள் இரண்டு நாய்களையும் அழைத்துக்கொண்டு, வேல்ஸ் கடலோரத்தில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கலாம் என்று நினைக்கிறோம். மூத்தவன் பன்னிரண்டு வயது லாப்ரடார். பின்னங்கால் மூட்டுகளில் வாதம் இருப்பதால், படி ஏறும்போது நடுவில் நின்று எங்களைத் திரும்பிப் பார்ப்பான். இளையவள் காப்பகத்திலிருந்து வந்தவள், இரண்டு வயது. ஓடத் தொடங்கினால் கூப்பிடுவது காதில் விழாது. வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் உயிரே போய்விடும். ஊரெங்கும் வாணவேடிக்கை நடந்த இந்த நவம்பர் 5 அன்று இரவு முழுவதும் குளியலறையை விட்டு அவள் வெளியே வரவேயில்லை.

சென்ற ஜூலையில் ஒருநாள் பயணமாக அங்கே போய், காரை நிறுத்திவிட்டு இறங்கியதும் நாய்களுக்குத் தடை என்ற பலகையைப் பார்த்துத் திரும்பினோம். குளிர்காலத்திலும் அந்தத் தடை உண்டா? வயதான நாய்க்கு அந்தக் குளிர் தாங்குமா? ரொசிலி கடற்கரையின் படங்களைப் பார்த்து மயங்கிப் போயிருக்கிறோம். அங்கேயே தங்கலாமா, வேறு இடம் சொல்வீர்களா?

ஸ்வான்சீத் தமிழன் எழுதியது:

வணக்கம் நண்பரே. தடையைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். வேல்ஸின் பெரும்பாலான கடற்கரைகளில் நாய்களுக்கான தடை மே 1 முதல் செப்டம்பர் 30 வரைதான்; அதுவும் பல இடங்களில் கடற்கரையின் ஒரு பகுதிக்கு மட்டுமே. அக்டோபர் பிறந்துவிட்டால் மணல் முழுவதும் நாய்களுக்கே சொந்தம். நீங்கள் ஜூலையில் பார்த்த பலகையில் 'டிம் கூன்' என்றும் எழுதியிருந்திருக்கும். வேல்ஸ் மொழியில் 'கூன்' என்றால் நாய்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டுத் தம் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ரொசிலி எங்கள் பகுதி, அதனால் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீள மணல். 1887இல் கரைதட்டிய ஹெல்வெட்டியா என்ற நார்வே நாட்டுக் கப்பலின் மர விலாக்கள் கடல் வற்றும்போது இன்றும் மணலிலிருந்து எழுந்து நிற்கும். ஆண்டு முழுவதும் அங்கே நாய்களை விடலாம். ஆயினும் உங்கள் மூத்தவனை நினைத்தால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். கார் நிறுத்துமிடம் செங்குத்தான மேட்டின் உச்சியில் இருக்கிறது, மணல் அடிவாரத்தில். இறங்குவது எளிது, ஈரமணலில் ஒரு மணி நேரம் நடந்து களைத்த பிறகு, எதிர்காற்றில் அந்த நீண்ட படிப்பாதையில் ஏறி வருவதுதான் பாடு. எங்கள் பழைய நாயை அதன் கடைசி ஆண்டில் அங்கே அழைத்துப்போய், பாதி வழியில் அது உட்கார்ந்துவிட, முப்பது கிலோ எடையை இருவர் மாறி மாறித் தூக்கி வந்தோம். மேலும் அந்த மேட்டில் ஆடுகள் மேய்கின்றன, விளிம்பில் வேலி கிடையாது. கூப்பிட்டால் திரும்பாத இளையவளை அங்கே அவிழ்த்துவிட முடியாது.

குளிரைப் பற்றி ஒன்று. அங்கே அடிப்பது பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. அது உறைய வைக்காது, நனைய வைக்கும். பகலில் 8, 9 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்வரை நாய்க்கு ஒன்றும் செய்யாது. நனைந்த உடம்போடு காரில் சும்மா உட்கார வைத்தால்தான் அடுத்த நாள் காலையில் மூட்டு பிடித்துக்கொள்ளும். மனிதருக்கு எடுக்கும் துண்டுகளைவிட நாய்களுக்கு இரண்டு மடங்கு எடுத்துச் செல்லுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

மேலே எழுதிய ஐயாவுடன் நான் முழுமையாக உடன்படுகிறேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஊர் போர்த். அபரிஸ்ட்வித்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கோர்ஸ் ஃபோஹ்னோ என்ற சதுப்பு நிலமும் இருக்க, நடுவில் ஒற்றைத் தெருவாக நீண்டு கிடக்கும் ஊர் அது. மேடு பள்ளம் இல்லை; தெருவைக் கடந்தால் கடற்கரை. பர்மிங்ஹாமிலிருந்து அபரிஸ்ட்வித் செல்லும் இரயில் அங்கே நிற்கும். ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை கட்டணமின்றிக் கூட்டிச்செல்லலாம். தெற்கு முனையில் கூழாங்கற்கள் அதிகம், அவை வயதான கால்களுக்கு ஆகா. வடக்கே அனிஸ்லஸ் மணற்குன்றுகளை நோக்கி நடந்தால் தட்டையான மணல்.

குளிர்காலத்தில் அங்கே போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் நீரில் மூழ்கிய காடு ஒன்றின் அடிமரங்கள் அந்த மணலுக்குள் கிடக்கின்றன. கோடையில் மணல் மூடியிருக்கும். குளிர்காலப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போனபின், கடல் நன்றாக வற்றும் வேளையில் பைன், ஓக் மரங்களின் கட்டைகள் வேரோடு தெரியும். நமக்குக் கடல்கொண்ட காவிரிப்பூம்பட்டினம் போல அவர்களுக்குக் கன்ட்ரெர் க்வைலாட் என்று ஒரு நாடு. மதகைக் காவல் காத்த செய்தெனின் என்பவன் குடித்துவிட்டுக் கதவை மூடாமல் விட்டதால் மூழ்கியது என்பது கதை. கடல் மிகக் கீழே வற்றுவது அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாட்களில். ஆகவே வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தே பயணத்தைக் குறித்துவிடலாம். அந்நாட்களில் அங்கே கடல் வற்றும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் 2, 3 மணி வாக்கில் அமையும். புறப்படுமுன் அந்தத் தேதியில் கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அனிஸ்லஸில் காரை மணலிலேயே நிறுத்துவார்கள். கடல் பெரிதாக ஏறும்போது அந்த இடம் வரை தண்ணீர் வரும் என்பதை மறக்கவேண்டாம். டவி ஆறு கடலில் கலக்கும் அந்த முனையில் நீரோட்டமும் பொல்லாதது. பந்தை அங்கே தண்ணீருக்குள் எறியவே கூடாது. கூதல் பொறுக்க முடியாத பின்னேரத்தில், இரயிலில் கால் மணி நேரத்துக்குள் அபரிஸ்ட்வித் போய்விடலாம். மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில், இருட்டுவதற்குச் சற்று முன் அங்குள்ள பழைய கடற்பாலத்தின் மேல் புகைபோலச் சுழன்று, பின் அதன் அடியில் அடங்குவதைப் பார்க்கலாம்.

அல்லி எழுதியது:

எல்லோரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள். கூடப் போகும் மனிதர்களை யார் நினைப்பது? நவம்பர் இறுதியில் அங்கே மாலை நான்கு மணி கடந்த சிறிது நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். ஒற்றைத் தெரு ஊரில் அதன்பின் என்ன செய்வது? சிற்றுண்டிக் கடைகள் பல வார இறுதியில் மட்டுமே திறக்கும். டென்பியைப் பாருங்கள்; மதில் சூழ்ந்த பழைய ஊர், இருட்டிய பிறகும் நடக்க விளக்குள்ள தெருக்கள், கணப்பு எரியும் பப்கள், அவற்றில் நாய்களோடு உட்கார இடம். கால்டே தீவுக்கான படகுகள் குளிர்காலத்தில் ஓடா, அது ஒன்றுதான் குறை.

ஸ்வான்சீத் தமிழன் எழுதியது:

அல்லி அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டென்பியின் தெற்குக் கடற்கரை முடியும் ஜில்டார் முனைக்கு அருகே, பெனலியில் இராணுவத்தின் சுடுதளம் இருக்கிறது. சிவப்புக் கொடி ஏறிய நாளில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். வெடிக்கு அஞ்சும் நாயை வைத்திருப்பவர் அதை அறிந்துகொண்டு போகவேண்டும்.

எங்கே போனாலும் பொருந்தும் சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். புயலுக்குப் பின் மெழுகு போன்ற வெள்ளைக் கட்டிகள் சில நேரம் கரையொதுங்கும். அது கப்பல்களிலிருந்து கடலில் கலந்த பாமாயில். டீசல் நாற்றம் அடித்தாலும் நாய்களுக்கு அது பலகாரம். எங்கள் நாய் எலுமிச்சை அளவு கட்டி ஒன்றை நான் குனிவதற்குள் விழுங்கிவிட்டு, இரவெல்லாம் வாந்தி எடுத்து, மறுநாள் முழுதும் சொட்டுநீர் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கிடந்தது. கடல்நீரைக் குடித்தாலும் வயிறு போகும். ஆகவே நல்ல தண்ணீரைக் கையோடு வைத்திருங்கள். கடல்நாய்கள் (சீல்கள்) குட்டி போடும் பருவம் இலையுதிர் காலம். வெள்ளை ரோமத்துடன் தனியே கிடக்கும் குட்டி கைவிடப்பட்டது என்று எண்ணி அருகே போகாதீர்கள். தாய் தண்ணீரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். இளையவளை உடனே வாரில் பூட்டிவிடுங்கள். அலை அவளை இழுத்துச் சென்றாலும் நீங்கள் பின்னால் இறங்காதீர்கள். 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள். நாய் பெரும்பாலும் தானே கரையேறிவிடும், மனிதர்தாம் திரும்புவதில்லை.

பர்மிங்ஹாம்வாசி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. போர்த்துக்கே போய், நேற்றிரவு திரும்பினோம். முதல் இரண்டு நாள் மழை விடவில்லை. கணப்புக்கு முன்னால் நான்கு பேரும் படுத்தே கிடந்தோம். அல்லி அக்கா எச்சரித்தபடி, திறந்திருக்கும் கடையைத் தேடி அந்தத் தெருவை இரண்டு முறை அளந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இளையவளை நீண்ட கயிற்றிலேயே விட்டோம், அப்படியும் என் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

மூன்றாம் நாள், பௌர்ணமிக்கு மறுநாள், பிற்பகலில் கடல் உள்வாங்கியது. கறுத்துப்போன அடிமரங்கள் சேற்றுக்குள்ளிருந்து தெரிந்தன. தொட்டால் ஊறிய கேக்கைப் போல விரல் பதிகிறது. மூத்தவன் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போனான். மூட்டு வலிக்காகக் காலைத் தூக்குவதையே விட்டு ஓராண்டாகிறது; அன்று 4,500 ஆண்டுப் பழமையான ஒரு கட்டையைச் சுற்றி வந்து, மரம் மரம்தான் என்று முடிவு செய்து, தள்ளாடியபடியே காலைத் தூக்கினான். என் மனைவி அதைப் படம் எடுத்திருக்கிறாள். இங்கே இடுவது மரியாதையாக இருக்காது.