பெரிய ஆலையைச் சிறு உற்பத்தியாளர் எதைக் கொண்டு வெல்வது: வேகமா, பிறரிடம் இல்லாத தனிச்சரக்கா? புனைபெயரில் மூவர் விவாதிக்கிறார்கள்.

கடைசல்:
பெரிய ஆலையோடு விலையில் மோதாதீர்கள். டன் கணக்கில் எஃகு வாங்குபவருக்குக் கிடைக்கும் விலை நமக்குக் கிடைக்காது. நம் பலம் நேரம். ஐம்பது உருப்படி கேட்கும் ஆர்டருக்காக, உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சை மாற்றி இயந்திரத்தை நிறுத்த அவர்களுக்கு மனம் வராது. அச்சு மாற்றும் நேரத்தைச் சுருக்கினால் ஐம்பதிலேயே நாம் லாபம் பார்க்கலாம். 1969-இல் டொயோட்டாவின் 1,000 டன் அழுத்தம் தரும் பிரஸ் ஒன்றில் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ அதை முதலில் 90 நிமிடமாக்கினார், பிறகு 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். இயந்திரம் நின்றால்தான் முடியும் வேலை எது, ஓடும்போதே முடித்துவைக்கக்கூடியது எது என்று பிரித்ததுதான் அடிப்படை. அடுத்த அச்சு பிரஸ்ஸின் அருகில் தயாராக நிற்க வேண்டும். நிறுத்திய பிறகு ஸ்பானரைத் தேடி ஓடக் கூடாது. இதற்கு முதலீட்டைவிட ஒழுங்குதான் அதிகம் தேவை.

நுண்ணளவு:
உங்கள் சான்றே உங்களுக்கு எதிராக நிற்கிறது. 1969-இல் டொயோட்டா சிறு நிறுவனமா? பெரியவர்களே கற்றுக்கொண்ட முறையை நம் அரண் என்று எப்படி நம்புவது? பிறர் எளிதில் செய்ய முடியாத ஒரே பொருளைக் கையில் வைத்திருப்பவர்தான் நிலைப்பார். ஜப்பானின் ஹார்ட் லாக் நிறுவனத்தைப் பாருங்கள். 1974-இல் கட்சுஹிகோ வகபயாஷி தொடங்கியது. செய்வது நட்டு. கீழ் நட்டின் மேல்முனை மையம் சற்று விலகியிருக்கும். மேல் நட்டை முறுக்கும்போது அது ஆப்புப்போல் இறுகி, அதிர்வில் கழலாமல் பிடித்துக்கொள்ளும். ஜப்பானின் ஷின்கான்சென் அதிவேக ரயில்களில் அது இருக்கிறது. அங்கே விலை பேரம் இரண்டாம் பட்சம்.

கணக்கேடு:
இருவரும் வாங்குபவரை மறந்துவிட்டீர்கள். விற்பனையில் பெரும்பங்கு ஒரே நிறுவனத்துக்குப் போனால், நீங்கள் மிச்சப்படுத்தியதை அடுத்த ஆண்டு விலைக்குறைப்பாக அவர்களே கேட்டு வாங்கிவிடுவார்கள். வேகமானாலும் தனிச்சரக்கானாலும் இதே கதிதான்.

கடைசல்:
அது உண்மை. ஆனால் நுண்ணளவு அவர்களே, அந்த நட்டு எங்கிருந்து வந்தது? அதற்கு முன் வகபயாஷி விற்றது வேறொரு கழலாத நட்டு. கடும் அதிர்வில் அது கழன்றுவிடுகிறது என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். அதிலிருந்துதான் இது பிறந்தது. புகார் நேராக முதலாளியின் காதுக்கு வந்து, அடுத்த மாதிரி உடனே தயாராகும் இடம் சிறு நிறுவனம்தான். நான் வேகம் என்பது இதையும் சேர்த்துத்தான்.

நுண்ணளவு:
புகாரைக் கேட்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்ட பிறகு யோசிக்க நேரம் வேண்டாமா? வந்த ஆர்டரையெல்லாம் எடுத்து நாள் முழுவதும் அச்சு மாற்றிக்கொண்டிருப்பவருக்கு அது எங்கே கிடைக்கும்? எல்லாவற்றையும் செய்ய முயலும் ஆலையைவிடக் குறுகிய வேலையில் கவனம் குவிக்கும் ஆலையே சிறக்கும் என்று ஹார்வர்டு பேராசிரியர் விக்கம் ஸ்கின்னர் 1974-லேயே எழுதினார். சில ஆர்டர்களை வேண்டாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைசல்:
இயந்திரம் சும்மா நிற்க, சம்பள நாள் நெருங்கும்போது யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

கணக்கேடு:
கணக்குப் பார்த்தவரால் முடியும். ஆர்டரின் தொகையைப் பார்க்காதீர்கள். மூலப்பொருள் செலவு போக, இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அச்சு மாற்றும் நேரத்தையும் அதில் சேருங்கள். பெரிதாகத் தெரிந்த சில ஆர்டர்கள் பட்டியலின் அடியில் போய்விடும். விடவேண்டியவை முதலில் அவைதான்.