21 நாள் தாண்டியும் பழக்கம் ஒட்டவே மாட்டேங்குதே, ஏன்?

ராப்பறவை:
எதையும் 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்றதை நம்பி காலைல ஓட ஆரம்பிச்சேன், காலண்டர்ல தினம் டிக் போட்டு 26 நாள் வந்தாச்சு, ஆனா இன்னமும் அலாரம் அடிச்சா முதல் நாள் மாதிரியே மனசோட மல்லுக்கட்டிதான் எந்திரிக்கிறேன். நேத்து காய்ச்சல், போகல. மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணுமா?

பழைய செருப்பு:
அந்த 21ஐ முதல்ல தூக்கிப் போடுங்க பாஸ். மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல எழுதினது அது, ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது முகம் பழக *குறைஞ்சது* 21 நாள் ஆகுதுன்னாரு, வாய் மாறி வாய் மாறி அந்த 'குறைஞ்சது' காணாம போச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி டீம் 96 பேரை 84 நாள் கவனிச்சாங்க. பழக்கமாக எடுத்துக்கிட்டது நடுவாந்தரமா 66 நாள், ஆளுக்கு ஆள் 18லேர்ந்து 254 வரைக்கும் (கவனிச்சது 84 நாள்தானே, 254ங்கிறது அதுக்கு மேல கிராஃபை நீட்டிப் போட்ட கணக்கு). தண்ணி குடிக்கறது சட்டுனு ஒட்டிக்குது, எக்சர்சைஸ் இழுக்குது. நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா ஒண்ணும் கெடலன்னும் அதுலயே இருக்கு. ஜுரத்தோட ஓடாதீங்க.

முதுகுவலிக்காரன்:
நாளை எண்ணறதை விட எதுக்கு அப்புறம் எதுன்னு முடிச்சு போடறதுதான் எனக்கு வேலை செஞ்சுது. ராத்திரியே எக்சர்சைஸ் பண்ற மேட்டை (விரிப்பு) கட்டிலை ஒட்டி விரிச்சுடுவேன், காலைல காலைக் கீழ வெச்சா அது மேலதான் வெக்கணும், அப்புறம் யோசிக்காம உக்காந்து முதுகை வளைக்க ஆரம்பிச்சுடுவேன். மூணு மாசம் ஜோரா போச்சு. அப்புறம் வீட்டுக்கு ஆள் வந்தாங்கன்னு மேட்டை சுருட்டி மூலைல நிக்க வெச்சேன் பாருங்க, பத்து நாள் எக்சர்சைஸ்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வரல, வலி வந்துதான் ஞாபகப்படுத்துச்சு! சோம்பல்னு என்னையே திட்டிக்கிட்டேன், ஆனா போனது கண்ணுல படற அந்த மேட்தான்.

கடைசி பெஞ்ச்:
ஓட்டத்துக்கு 66 நாள் எல்லாம் பத்தாதுங்க. எனக்கு எட்டு மாசம் ஆச்சு, இன்னமும் மழைன்னா உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யுது.

ராப்பறவை:
ஹாஹா, அப்ப எனக்கு மட்டும் இல்ல. ஜுரம் விடட்டும், ஷூவை கட்டில் பக்கத்துல வெச்சுப் பாக்கறேன். பிரச்சனை போன்தான், அலாரமும் அதுலயே இருக்கு, அணைக்க எடுத்தா அரை மணி நேரம் போயிடுது.

முதுகுவலிக்காரன்:
போனை ஷூக்குள்ள போட்டு வாசல் கதவுகிட்ட வெச்சுடுங்க.