கன்டினியூட்டிக்குத் தமிழ்: வழாநிலையா, ஒட்டா, தொடர்ச்சியா?

மடல் 1: பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

குழுவினருக்கு வணக்கம். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று நிமிடக் குறும்படம் எடுக்கிறார்கள். அவர்களுக்கான 24 பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அடுத்தடுத்த ஷாட்டுகள் ஒன்றோடொன்று பொருந்திப்போவதைச் சொல்லும் கன்டினியூட்டி என்ற பாடத்துக்குத் தமிழில் தலைப்பு வைக்க முடியாமல் நிற்கிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் குடத்தோடு வாசல் தாண்டி வருகிறாள். தூரத்திலிருந்து எடுத்த ஷாட்டில் குடம் இடது இடுப்பில். சாப்பாட்டு மணிக்குப் பிறகு கிட்டத்தில் எடுத்ததில் வலது இடுப்பில். காலையில் நீண்டு கிடந்த நிழல் காலடிக்குள் சுருங்கிவிட்டது. செல்போன் தானாகவே நிறத்தை மாற்றிக்கொண்டதால் அதே சுண்ணாம்புச் சுவர் ஒன்றில் மஞ்சள், அடுத்ததில் நீலம். இரண்டையும் சேர்த்துப் போட்டதும் பிள்ளைகளே "ஒட்டல மிஸ்" என்றார்கள். நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வினில் பூட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். குடத்தை எதில் பூட்டுவது? அதற்கு முதலில் ஒரு பெயர் வேண்டும்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: வழாநிலை. வழு என்றால் பிழை, வழாநிலை என்றால் பிழையின்மை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று நன்னூல் ஏழு வழுக்களைச் சொல்கிறது. நிழல் சுருங்கியது காலவழு. குடம் மாறியது இடவழு. இலக்கணத்தில் இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை என்பதை மறந்து சொல்லவில்லை. இருக்குமிடம் வரை அதை நீட்டிக்கொள்வதில் தவறில்லை என்கிறேன். இன்னொன்றும் கிடைக்கிறது. காட்சி துள்ளும்படி வேண்டுமென்றே வெட்டும் ஜம்ப் கட் வழுவமைதி ஆகிவிடும். பிழை, பிழையின்மை, ஏற்கப்பட்ட பிழை மூன்றுக்கும் ஒரே வேரிலிருந்து சொல் தரும் மொழி நம்முடையது.

மடல் 3: உதவி இயக்குநர், சென்னை

ஐயா, சொல் அழகுதான். ஆனால் இந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்குப் படப்பிடிப்புக்கு வந்தால் அங்கே காதில் விழுவது கன்டினியூட்டி ஒன்றுதான். அதைப் பார்ப்பதே எங்கள் வேலை. சட்டைப் பொத்தான் எத்தனை திறந்திருந்தது, டம்ளரில் காப்பி எவ்வளவு இருந்தது என்று எழுதி வைப்போம். ஷாட் முடிந்ததும் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்வோம். கையேட்டில் கன்டினியூட்டி என்றே போடுங்கள்.

மிஸ், கூடவே ஒன்று: டியூப் லைட் அறையில் ஷட்டரை ஐம்பதில் ஒரு வினாடி வைக்கச் சொல்லுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் படத்தில் கருப்புப் பட்டை ஓடாது.

மடல் 4: கணித ஆசிரியர், யாழ்ப்பாணம்

எங்கட பிள்ளையளெண்டால் "பொருந்தேல்லை" எண்டுதான் சொல்லியிருப்பினம். தொடர்ச்சி எண்டு வைக்கலாமே? கணிதத்தில அது பழகின சொல். சார்பின்ர வளைகோடு அறாமல் போறது தொடர்ச்சி. படத்திலயும் கண்ணுக்கு அறாமல் போகவேணும், அவ்வளவுதானே.

மடல் 5: மரபுக் கவிஞர், நாகர்கோவில்

தொடர்ச்சி என்றால் வாசகர் "தொடர்ச்சி 7ஆம் பக்கம்" என்றுதான் நினைப்பார். அந்தாதியை ஏன் ஒருவரும் எண்ணவில்லை? ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாவதுபோல், கை தூக்குவதில் ஒரு ஷாட் முடிந்தால் அதே கை தூக்குவதில் அடுத்தது தொடங்கவேண்டும். ஆனால் அசைவுக்குப் பொருந்தும் அந்தாதி, சுவரின் நிறத்துக்குப் பொருந்தாது. ஆகவே பிள்ளைகள் வாயில் வந்த ஒட்டு என்பதே என் தேர்வு. ஒட்டு மாங்கன்றை நினையுங்கள்: இரண்டு பட்டையும் நேராகச் சேர்ந்தால்தான் சாறு ஓடும். தண்டியலங்காரத்தில் ஒட்டணி உண்டு. 

மடல் 6: பேராசிரியர், மதுரை

கவிஞரே, ஒட்டணி என்பது பிறிதுமொழிதல், சொல்ல வந்ததை மறைத்து வேறொன்றைச் சொல்லி உணர்த்துவது. அதற்கும் இதற்கும் உறவில்லை. ஒட்டு என்றால் கிழிந்த துணியில் போடுவதும்தான். ஒட்டு வெளியே தெரியும். நமக்கு வேண்டியது தெரியாமல் இருப்பது.

மடல் 7: ஆசிரியை, திண்டுக்கல்

இந்தச் சொற்களை இன்று வகுப்பிலேயே சோதித்தேன். இருவர் எதிரெதிரே பேசும் காட்சி. இருவரையும் இணைப்பதாக நினைத்துக்கொள்ளும் 180 டிகிரிக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டது. திரையில் இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து "இடவழு மிஸ்" என்று குரல் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஆனால் வழாநிலையை எழுதச் சொன்னபோது ஐந்து பேர் வளாநிலை என்று எழுதினார்கள். ஒட்டுக்கு, "ஸ்டிக்கரா மிஸ்?" என்று கேட்டார்கள்.

நாளை மாலைக்குள் கோப்பை அனுப்பவேண்டும். தலைப்பு தொடர்ச்சி, தவறுகளுக்குக் காலவழு, இடவழு, நிறவழு, கன்டினியூட்டி என்ற சொல் முதல் பத்தியில் ஒருமுறை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடல் 8: உதவி இயக்குநர், சென்னை

சரி மிஸ். நிறவழுவை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

மடல் 9: பேராசிரியர், மதுரை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. வழுவை ஏற்று வழாநிலையை விட்டால், பிள்ளைகள் ஜம்ப் கட்டுக்கு வரும்போது வழுவமைதியை எதன்மேல் நின்று விளக்குவீர்கள்? ழகரம் எழுத வராதது சொல்லின் குற்றமில்லை. என் மறுப்பு இந்த இழையில் இருக்கட்டும். குடக் காட்சியைத் திரும்ப எடுத்துவிட்டீர்களா, அம்மா?

மடல் 10: ஆசிரியை, திண்டுக்கல்

சனிக்கிழமை எடுக்கிறோம் ஐயா, காலை ஒன்பது மணி வெயிலில். குடம் இடது இடுப்பில் இருக்கும் படத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.